எலிக்கும் மனிதனுக்கும் பொருத்தம் பார்ப்பது

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கடலோரமாக பார் ஹார்பர் என்றொரு சிற்றூர். அங்கே உள்ள ஜாக்சன் ஆய்வகம் எலிகளுக்குப் பேர்போனது. மருத்துவ ஆய்வில் பயன்படும் எலி வகைகள் பல அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் போகின்றன. எலியின் எந்த உறுப்பில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று ஆண்டுக்கணக்கில் பதிவு செய்துகொண்டே போக வேண்டுமென்றால், உறுப்புகளுக்கு எல்லோரும் ஒரே பெயரைப் பயன்படுத்த வேண்டும். ஆளுக்கு ஒரு பெயர் எழுதினால் பிறகு தேடி எடுக்க முடியாது. அதனால் வளர்ந்த எலியின் உடலை மூக்கு முதல் வால் நுனி வரை பிரித்துப் பெயரிட்டு, எது எதற்குள் அடங்கும் என்பதையும் எழுதிவைத்தார்கள். ஆய்வுப் போட்டிகளில் பயன்படும் அதன் பதிப்பில் 2,744 உறுப்புப் பெயர்கள் இருக்கின்றன.

இன்னொரு பக்கம், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம். அவர்களுக்கு வேண்டியது மனித உடல். அவர்களுடைய பெரிய சொற்களஞ்சியத்தில் மனித உடலமைப்பைச் சொல்லும் பகுதி மட்டும் 3,304 பெயர்கள்.

எலியின் ஒரு திசுவில் ஏதோ மரபணு கோளாறு செய்வதை ஒருவர் கண்டுபிடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே திசுவில் மனிதருக்கு வரும் புற்றுநோய்த் தரவைப் பார்க்க நினைக்கிறார். "அதே திசு" என்பது மனிதருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. எலிப் பட்டியலின் இந்தப் பெயரும் மனிதப் பட்டியலின் அந்தப் பெயரும் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றன என்று யாராவது சொல்லித்தர வேண்டும். அந்த யாராவது ஒரு மென்பொருளாகவே இருக்கலாமா? ஆன்டாலஜி பொருத்தம் என்ற துறையின் கேள்வி இதுதான்.

மேலே பட்டியல் என்று சொன்னது கொஞ்சம் குறைவாகச் சொன்னது. வெறும் பெயர்ப் பட்டியலாக இருந்தால் அது அகராதி. ஆன்டாலஜியில் பெயர்களோடு உறவுகளும் இருக்கும். இதயம் ஓர் உறுப்பு; இதயத்தின் வால்வு இதயத்தின் பகுதி; எலும்பாக இருப்பது எதுவும் தசையாக இருக்க முடியாது. இப்படிப்பட்ட கூற்றுகளைக் கணினி படித்து, அவற்றிலிருந்து புதிய முடிவுகளையும் எடுக்கும்படி எழுதிவைப்பதுதான் ஆன்டாலஜி. 'எது எது இருக்கிறது' என்று ஆராயும் தத்துவப் பிரிவின் பெயர் இது. அதைக் கணினித்துறையில் பலரும் மேற்கோள் காட்டும் விளக்கத்தோடு நிலைநிறுத்தியவர் டாம் குரூபர், 1993இல். ஓர் உலகத்தை நாம் எப்படிக் கருதிக்கொள்கிறோமோ அதை வெளிப்படையாக எழுதிவைப்பது என்பது அவர் விளக்கத்தின் சாரம். இதை எழுதுவதற்கென்றே ஓடபிள்யூஎல் என்ற மொழியை 2004இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தரமாக அறிவித்தது.

சரி, எல்லோரும் ஒரே ஆன்டாலஜியைப் பயன்படுத்தினால் பிரச்சினையே இல்லையே என்று தோன்றும். சொல்வது சுலபம். எலிக்காரர்களுக்கு வால் வேண்டும், மீசை வேண்டும். புற்றுநோய்க்காரர்களுக்குக் கட்டி எங்கே முளைக்கும் என்ற கண்ணோட்டம் வேண்டும். வேலை வேறு என்பதால் பிரிக்கும் விதமும் வேறு. ஒரே ஊர்தான், ஆனால் தபால்காரர் வரையும் வரைபடமும் மின்வாரிய லைன்மேன் வரையும் வரைபடமும் ஒன்றாக இருக்குமா? ஆன்டாலஜிகள் பலவாக இருப்பது யாருடைய தவறும் இல்லை. அவற்றுக்கிடையே பாலம் போடுவதுதான் செய்யக்கூடியது.

அந்தப் பாலத்தின் ஒவ்வொரு கல்லிலும் நான்கு விஷயங்கள் இருக்கும். இந்தப் பக்கத்துப் பெயர் ஒன்று, அந்தப் பக்கத்துப் பெயர் ஒன்று, இரண்டுக்கும் என்ன உறவு, அதில் எவ்வளவு நம்பிக்கை. உறவு பெரும்பாலும் 'இரண்டும் ஒன்றே' என்பதாக இருக்கும். 'இது அதைவிடக் குறுகியது', 'அகன்றது' என்றும் இருக்கலாம். நம்பிக்கை 0 முதல் 1 வரை ஓர் எண். இப்படிப்பட்ட கற்கள் எல்லாம் சேர்ந்ததைப் பொருத்தப் பட்டியல் என்று இங்கே அழைக்கிறேன்.

இப்போது எலிக்கும் மனிதனுக்கும் பொருத்தம் பார்க்கலாம். 2,744 பெயர்கள் ஒருபக்கம், 3,304 மறுபக்கம். ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டால் 90,66,176 ஜோடிகள். ஒரு ஜோடிக்கு ஒரு விநாடி என்று சாப்பாடு தூக்கம் இல்லாமல் ஒருவர் உட்கார்ந்தாலும் 105 நாள் ஆகும். நிபுணர்கள் இந்த இரண்டையும் ஆராய்ந்து ஒரு விடைத்தாள் தயாரித்திருக்கிறார்கள். அதில் இருப்பது 1,516 ஜோடிகள். அதாவது 90 லட்சத்தில் ஒன்றரை ஆயிரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 2004இல் தொடங்கி ஆண்டுதோறும் நடக்கும் ஓஏஈஐ என்ற மதிப்பீட்டுப் போட்டியில், பல நாட்டு ஆய்வுக்குழுக்கள் தங்கள் மென்பொருளை இந்த விடைத்தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன.

முதலில் ஒரு சோம்பேறி வழியை முயன்று பார்ப்போம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை மட்டும் விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் பெயர் அப்படியே ஒன்றாக இருந்தால் ஜோடி என்று சொல்லிவிடலாம். ஓஏஈஐ இதையே அடிப்படை அளவாக வைத்திருக்கிறது. இந்த வழி 946 ஜோடிகளைத் தருகிறது. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே சரி. தவறு மூன்று போலத்தான். சொன்னதில் எத்தனை சரி என்ற கணக்கைத் துல்லியம் என்பார்கள். இங்கே அது 99.7%. ஆனால் சொல்லியிருக்க வேண்டியதில் எத்தனையைச் சொன்னது என்று இன்னொரு கணக்கு உண்டு. அது வெறும் 62%.

இந்த இரண்டு கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வாயே திறக்காத மாணவன் தப்பாக எதுவும் சொல்வதில்லை. எல்லாக் கேள்விக்கும் கை தூக்குகிறவன் எந்தச் சரியான விடையையும் விடுவதில்லை. இருவரையும் கெட்டிக்காரர்கள் என்று சொல்ல மாட்டோம்.

ஆக, முதல் 62% கிட்டத்தட்ட இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இத்துறையில் நடக்கும் ஆராய்ச்சி எல்லாம் மிச்சமுள்ள 570 சொச்சம் ஜோடிகளைப் பற்றியது என்றே சொல்லலாம். அங்கேதான் விஷயம் சுவையாகிறது.

மார்புப் பகுதி முதுகெலும்பில் ஏழாவது முள்ளெலும்பை எடுத்துக்கொள்வோம். எலிப் பட்டியலில் அதன் பெயர் 'தொராசிக் வெர்டிப்ரா 7'. மனிதப் பட்டியலில் 'டி7 வெர்டிப்ரா'. படித்தவுடன் நமக்குப் புரிகிறது. கணினிக்கு எப்படிப் புரியவைப்பது? எழுத்துகளை ஒப்பிடலாம். ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது ஒரு பழைய வழி. 1965இல் விளாதிமிர் லெவன்ஷ்டைன் என்ற ரஷ்யக் கணிதவியலாளர் கொடுத்தது. ஆங்கில எழுத்தில் மேற்சொன்ன இரண்டு பெயர்களுக்கும் இடையே உள்ள தூரம் 9. அதே கணக்கில் 'தொராசிக் வெர்டிப்ரா 11', 'தொராசிக் வெர்டிப்ரா 12' என்ற இரண்டுக்கும் தூரம் எவ்வளவு? வெறும் 1. அதாவது ஒன்றேயான இரண்டு எலும்புகளைத் தூரத்து உறவு என்றும், வேறு வேறான இரண்டு எலும்புகளை ஒட்டிப் பிறந்தவை என்றும் இந்த அளவுகோல் சொல்கிறது. இந்தத் துறையைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த முள்ளெலும்புக் கதையைத்தான்.

எழுத்துத் தூரம் உதவவே உதவாது என்றில்லை. எழுத்துப்பிழை, ஒருமை பன்மை, அமெரிக்க எழுத்துமுறை பிரிட்டிஷ் எழுத்துமுறை போன்ற சில்லறை வேறுபாடுகளுக்கு அது போதும். ஆனால் எண், திசை, இடம் வலம் இவையெல்லாம் வரும் இடத்தில் ஒரே எழுத்து முழுப் பொருளையும் மாற்றிவிடும். நல்ல மென்பொருள்கள் இதனால் எண்களைத் தனியாகவும் சொற்களைத் தனியாகவும் கவனிக்கின்றன. எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை கொடுப்பதும் இல்லை. 'வெர்டிப்ரா' ஐம்பது பெயர்களில் வரும் சொல். அது பொருந்துவதில் பெரிய செய்தி இல்லை. அரிதான சொல் பொருந்தினால்தான் செய்தி.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. தமிழில் கால் என்றால் உடம்பின் கால், நான்கில் ஒரு பங்கும் கால்தான். உடற்கூறியலில் 'டார்ஸஸ்' அப்படி ஒரு சொல். பாதத்தின் பின்பகுதியில் உள்ள எலும்புக் கூட்டத்துக்கும் அதே பெயர், கண்ணிமைக்குள் இருக்கும் விறைப்பான தகட்டுக்கும் அதே பெயர். பெயர்ப் பொருத்தம் மட்டும் பார்த்துக் கல்யாணத்தை முடித்தால் கண்ணிமையைக் கணுக்காலில் கட்டிவிடுவோம்.

பெயருக்குள்ளேயே விடை இல்லாதபோது வெளியே போய்க் கேட்க வேண்டும். தரகர் மாதிரி, இரண்டு வீட்டையும் தெரிந்த மூன்றாம் ஆள் வேண்டும். ஆங்கிலப் பொதுச்சொற்களுக்கு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வேர்ட்நெட் அந்த வேலையைச் செய்யும். மருத்துவச் சொற்களுக்கு, அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1986இல் தொடங்கிய யூஎம்எல்எஸ் இருக்கிறது. ஒரே நோய்க்கு வெவ்வேறு சொற்களஞ்சியங்களில் உள்ள பெயர்களை அது ஓரிடத்தில் கட்டிவைக்கிறது. உடலமைப்புக்கு யூபெரான் என்ற ஆன்டாலஜி. எலி, மனிதன், மீன், கோழி என்று பல உயிரினங்களின் உறுப்புகளுக்கும் பொதுவானது அது. எலிப் பெயருக்கும் யூபெரானில் ஓர் இடம், மனிதப் பெயருக்கும் அதே இடம் என்றால் வேலை முடிந்தது.

லிஸ்பனில் உருவான ஏஎம்எல் என்ற மென்பொருள் யூபெரானை இப்படிப் பயன்படுத்தித்தான் இந்தப் போட்டியில் நெடுங்காலம் முன்னணியில் இருந்தது. சொன்னதில் சுமார் 95% சரி, சொல்ல வேண்டியதில் சுமார் 93% பிடித்தது. இது பிட் அடிப்பது இல்லையா என்று ஒரு கேள்வி எழும். யூபெரானைக் கட்டியவர்கள் எலிப் பெயர்களையும் மனிதப் பெயர்களையும் ஏற்கெனவே கையால் இணைத்திருக்கிறார்களே, அதைப் பார்த்து எழுதுவதில் என்ன சாமர்த்தியம்? போட்டி என்று பார்த்தால் கேள்வி நியாயம். ஆனால் வேலை என்று பார்த்தால், ஏற்கெனவே ஒருவர் செய்துவைத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் முட்டாள்தனம் என்பது என் கட்சி. உண்மையான சிக்கல், யூபெரான் போல ஒன்று எல்லாத் துறையிலும் கிடைப்பதில்லை என்பதே.

அப்படி மூன்றாம் ஆள் இல்லாத இடத்தில் அக்கம்பக்கத்தைப் பார்க்கலாம். ஒருவரைத் தெரியாவிட்டால் அவர் யாருடைய பிள்ளை, யாருடைய அண்ணன் என்று கேட்பதில்லையா, அதே மாதிரி. இரண்டு பெயர்களின் தாய் வகைகள் ஏற்கெனவே ஜோடியாகிவிட்டன, பகுதிகளும் ஜோடியாகிவிட்டன என்றால் இந்த இரண்டும் ஜோடியாக இருக்க வாய்ப்பு அதிகம். 2002இல் செர்கேய் மெல்னிக், ஹெக்டர் கார்சியா-மொலினா, எர்ஹார்ட் ராம் ஆகிய மூவரும் இதை ஒரு வெள்ளம் போலக் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். ஓரிடத்தில் கிடைத்த ஒற்றுமை மெல்ல அக்கம்பக்கத்துக்குப் பரவும். அங்கிருந்து திரும்பியும் வரும். பல சுற்றுகளுக்குப் பிறகு எண்கள் மாறாமல் நிற்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அக்கம்பக்கமும் சில நேரம் பொய் சொல்லும். நுரையீரலைப் பாருங்கள். மனிதருக்கு இடப்பக்கம் இரண்டு மடல்கள், வலப்பக்கம் மூன்று. எலிக்கு இடப்பக்கம் ஒரே மடல், வலப்பக்கம் நான்கு. நுரையீரலும் நுரையீரலும் ஜோடி, இடதும் இடதும் ஜோடி, அதனால் உள்ளே இருக்கும் மடல்களும் ஜோடி என்று வெள்ளத்தைப் பாயவிட்டால் எலிக்கு இல்லாத மடல் ஒன்று முளைக்கும். எந்த ஒரு வழியையும் தனியாக நம்பாமல், பெயர், வெளி அறிவு, அக்கம்பக்கம் மூன்றையும் கலந்து மதிப்பெண் போடுவதற்குக் காரணம் இதுதான். எதற்கு எத்தனை பங்கு என்பதில்தான் ஒவ்வொரு மென்பொருளும் வேறுபடுகிறது.

மதிப்பெண் போட்டாகிவிட்டது. அப்புறம்? ஒரு கட் ஆஃப் வைக்க வேண்டும். அதற்குமேல் உள்ளவை உள்ளே, கீழே உள்ளவை வெளியே. கட் ஆஃபை உயர்த்தினால் துல்லியம் கூடும், பல நல்ல ஜோடிகள் வெளியே போகும். தாழ்த்தினால் எதிர்மாறாக நடக்கும். ஓர் எலி உறுப்புக்கு மூன்று மனித உறுப்புகள் போட்டியிட்டால், ஒன்றுக்கு ஒன்று என்ற விதியோடு மொத்த மதிப்பெண் அதிகமாக வரும்படி ஜோடிகளைத் தேர்ந்தெடுப்பார்கள்.

இத்தோடு நிறுத்துகிற மென்பொருள்களும் உண்டு. ஆனால் ஆன்டாலஜிக்குள் தர்க்கம் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. கண்ணிமையும் பாதமும் சிக்கிய அந்த டார்ஸஸ் பிழைக்கே திரும்புவோம். தலைப்பகுதியைச் சேர்ந்தது எதுவும் காலைச் சேர்ந்ததாக இருக்க முடியாது என்று ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆன்டாலஜிகளையும் அந்தத் தவறான ஜோடியோடு ஒன்றாக்கினால், டார்ஸஸ் தலையிலும் இருக்க வேண்டும், காலிலும் இருக்க வேண்டும். இரண்டிலும் ஒருசேர இருக்கவும் கூடாது. அப்படி ஒரு பொருள் உலகத்தில் இருக்கவே முடியாது என்று தர்க்க எந்திரம் கண்டுபிடித்துவிடும். அதை வைத்தே எந்தக் கல் பிசகியது என்று தேடி எடுத்துவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டில் 2011இல் உருவான லாக்மேப் இதில் பெயர் பெற்றது. நம்பகமான ஜோடிகளை முதலில் நங்கூரம் போலப் போட்டுக்கொண்டு, அங்கிருந்து சுற்றிலும் விரிந்து, போகிறபோக்கில் முரண்களைச் சரிசெய்துகொண்டே போகும்.

முரணைத் தேடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று இருக்கிறது. இணையத்தில் வெளியிடப்பட்ட தரவுகளில் 'இதுவும் அதுவும் ஒன்றே' என்று சொல்ல சேம்-ஆஸ் என்றொரு குறி உண்டு. ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் அப்படிப்பட்ட கூற்றுகளை 55 கோடிக்கும் மேல் திரட்டி, 2018இல் வெளியிட்டார்கள். அ என்பது ஆ, ஆ என்பது இ என்றால் அ என்பது இ. இப்படித் தொடர்ந்து இணைத்துக்கொண்டே போனபோது, ஒரு கூட்டத்தில் மட்டும் 1,77,794 பெயர்கள் சேர்ந்தன. எல்லாம் ஒன்றே! அதற்குள் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் இருந்தார், உலக நாடுகளும் இருந்தன, ஒன்றுமே எழுதாத வெற்றுச் சரமும் இருந்தது. நடுவில் எங்கோ சில கற்கள் தவறு, அவ்வளவுதான். 'ஒன்றே' என்பது அவ்வளவு ஆபத்தான சொல். அதனால்தான் சொற்களஞ்சியங்களை இணைப்பதற்கான ஸ்கோஸ் என்ற தரத்தில் 'சரியாகப் பொருந்துகிறது', 'நெருங்கிப் பொருந்துகிறது', 'இதைவிட அகன்றது' என்று உறவுகளைத் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் 'ஒன்றே' போடுவதுதான் வழக்கம். சந்தேகம் வந்தால் 'நெருக்கம்' போடுங்கள்.

அளவு பெரிதானால் வேறொரு தலைவலி. எஃப்எம்ஏ என்ற மனித உடலமைப்பு ஆன்டாலஜியில் சுமார் 79,000 பெயர்கள். புற்றுநோய்க் கழகத்தின் முழுக் களஞ்சியம், போட்டியில் பயன்பட்ட பதிப்பில், சுமார் 66,700. பெருக்கினால் 527 கோடி ஜோடிகள். எல்லாவற்றையும் ஒப்பிடுவது வீண். புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு போல, எந்தச் சொல் எந்தப் பெயர்களில் வருகிறது என்று முதலிலேயே குறித்துக்கொண்டால், ஒரு சொல்லாவது பொதுவாக உள்ள ஜோடிகளை மட்டும் பார்த்தால் போதும்.

இப்போதைய மொழி மாதிரிகள் இந்த இடத்தில் உள்ளே நுழைகின்றன. சொற்களை எண் வரிசைகளாக மாற்றி, பொருள் நெருங்கியவற்றை அருகருகே வைக்கும் முறையில், எழுத்து ஒன்றுகூடப் பொதுவாக இல்லாத ஜோடியும் அகப்படும். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 2022இல் வந்த பெர்ட்மேப், ஆன்டாலஜிக்குள்ளேயே இருக்கும் மாற்றுப்பெயர்களை வைத்து மாதிரிக்குப் பயிற்சி கொடுக்கிறது. சாட்பாட் வகைப் பெரிய மாதிரிகளிடம் நேரடியாகவே "இவை இரண்டும் ஒன்றா?" என்று கேட்கும் முறைகளும் வந்துவிட்டன. பதில் பல நேரம் நன்றாகவே இருக்கிறது. 90 லட்சம் முறை கேட்க முடியாது என்பதால், முதலில் மலிவான வழியில் வடிகட்டி, மிஞ்சிய சந்தேக ஜோடிகளை மட்டும் கேட்கிறார்கள். அழகாகக் காரணமும் சொல்லும் என்பதால் தவறான விடையையும் நம்பத் தோன்றும். அதில் மட்டும் கவனம் வேண்டும்.

சின்ன ஆன்டாலஜி என்றால் சுலபம் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஓஏஈஐயில் கருத்தரங்கு நடத்துவதைப் பற்றிய 16 ஆன்டாலஜிகள் கொண்ட பிரிவு ஒன்று உண்டு, பிராகாவில் தொகுத்தவை. கட்டுரை, ஆசிரியர், மதிப்பீட்டாளர் என்று எல்லாம் நமக்குத் தெரிந்த சமாசாரம். ஒவ்வொன்றும் சின்னதுதான். ஆனாலும் எலி-மனிதன் போட்டியில் வரும் மதிப்பெண் இங்கே வருவதில்லை. உடலமைப்பில் இயற்கை ஓரளவு கோடு போட்டுக் கொடுத்திருக்கிறது. கருத்தரங்கில் எல்லாம் மனிதர் போட்ட கோடு. ஒருவருக்குக் 'கட்டுரை' என்றால் அனுப்பியது, இன்னொருவருக்கு ஏற்கப்பட்டது.

செய்து பார்க்க ஆசை என்றால் எலி, மனிதன் இரண்டு கோப்புகளும் விடைத்தாளும் ஓஏஈஐ தளத்தில் கிடைக்கின்றன. பைத்தானில் பெயர்களைப் படித்து, சின்ன எழுத்தாக்கி, ஒன்றாக இருப்பவற்றைப் பொறுக்க இருபது வரி போதும். 946ஐ ஒட்டிய எண் வரும். பிறகு உங்கள் நிரல் கோட்டைவிட்ட ஜோடிகளை அச்செடுத்து மெதுவாகப் படியுங்கள்; அந்தப் பட்டியல் எந்தப் பாடப்புத்தகத்தையும்விட நன்றாகச் சொல்லித்தரும்.

அப்படியே அந்த முதுகெலும்பையும் ஒருமுறை பாருங்கள். மனிதருக்கு மார்பு முள்ளெலும்புகள் 12. எலிக்கு 13. மேலிருந்து எண்ணினால் எலியின் பன்னிரண்டாவதும் மனிதரின் பன்னிரண்டாவதும் ஜோடி. எலியின் பதின்மூன்றாவது தனியாக நிற்கும். ஆனால் பன்னிரண்டாவதுதான் மனிதருக்கு விலா எலும்பு தாங்கும் கடைசி முள்ளெலும்பு. எலிக்கு அது பதின்மூன்றாவது. அந்தக் கணக்கில் 13க்கு 12தான் ஜோடி. எண்ணிக்கையை வைத்துக்கொள்வதா, இடத்தை வைத்துக்கொள்வதா என்று எந்த மென்பொருளிடம் கேட்டாலும் ஒரு மதிப்பெண் கொடுக்கும். நீங்கள் எதற்காகப் பொருத்தம் பார்க்கிறீர்கள் என்று அது கேட்காது.